டெல்டாவிலிருந்து ஒரு முடுக்கி ஆய்வகத்துக்கு

துகள் முடுக்கி என்றதும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஜெனீவாதான் நினைவுக்கு வருகிறது. 27 கிலோமீட்டர் சுற்றளவில் சுரங்கம், ஆயிரக்கணக்கில் விஞ்ஞானிகள், நோபல் பரிசு. அதனால் கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கம் ஏதாவது ஒரு கல்லூரியில் பிஎச்.டி. செய்கிற பிள்ளையிடம் "உன் சாம்பிளை முடுக்கியில் வைத்துப் பார்க்கலாமே" என்றால், "மேடம், அதெல்லாம் நமக்குக் கொடுப்பாங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

கொடுப்பார்கள். கொடுப்பதற்கென்றே கட்டிய ஆய்வகம் ஒன்று டெல்லியில் இருக்கிறது. பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போய் அங்கே வேலை பார்த்தவள் நான். இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், மாணவர்களை அங்கே அனுப்புகிறேன். இந்த மாதிரி ஆய்வகங்கள் எப்படி வந்தன என்ற கதை தெரிந்தால், அங்கே எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது, எப்படித் தயாராகிப் போக வேண்டும் என்பதெல்லாம் தானாகப் புரிய ஆரம்பிக்கும். அதனால் வரலாற்றையும் அனுபவத்தையும் கலந்தே எழுதுகிறேன்.

அணுத்துகளை மிக வேகமாக ஓட வைக்கிற இந்த முடுக்கி என்கிற கருவி வளர்ந்ததே பல்கலைக்கழகங்களில்தான், அதுவும் ஆராய்ச்சி மாணவர்கள் கையில். 1929இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த எர்னஸ்ட் லாரன்ஸ், நார்வேக்காரரான விடரோ ஜெர்மன் மொழியில் எழுதிய ஒரு கட்டுரையைப் பார்த்தார். துகளை ஒரே தடவையில் பெரிய மின்னழுத்தம் கொடுத்துத் தள்ளாமல், சின்னச் சின்ன அழுத்தமாகத் திரும்பத் திரும்பத் தள்ளலாம் என்பது விடரோ காட்டிய வழி. நேர்கோட்டில் அப்படித் தள்ளினால் குழாய் நீண்டுகொண்டே போகும். காந்தத்தை வைத்துத் துகளைச் சுற்றவிட்டால் ஒரே இடத்தில் வைத்தே எத்தனை தடவை வேண்டுமானாலும் தள்ளலாமே என்று லாரன்ஸ் யோசித்தார். அதைச் செய்துகாட்டியது அவரிடம் பிஎச்.டி. செய்துகொண்டிருந்த ஸ்டான்லி லிவிங்ஸ்டன். 1931 ஜனவரியில் ஓடிய அந்த முதல் சைக்ளோட்ரானின் குறுக்களவு நாலரை அங்குலம்தான், உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம். 2,000 வோல்ட்டுக்கும் குறைவான அழுத்தத்தைக் கொண்டே ஹைட்ரஜன் அயனிகளை 80,000 எலக்ட்ரான் வோல்ட் (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றலுக்குக் கொண்டுபோனார்கள்.

அடுத்த வருஷம், 1932 ஏப்ரலில், கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் காக்ராஃப்டும் வால்டனும் புரோட்டான்களை முடுக்கி லித்தியம் அணுக்கருவைப் பிளந்தார்கள். அவர்கள் வைத்திருந்த முடுக்கிக் குழாயில் இருந்தவை பெட்ரோல் பங்கில் அந்தக் காலத்தில் இருந்த கண்ணாடி உருளைகள். காற்று புகாமல் அடைக்கப் பிளாஸ்டிசின் களிமண். இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மாறும். நம் ஆய்வகத்தில் எது இல்லை என்று பட்டியல் போட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைகள்கூட அன்றைக்கு ஒரு மணி நேரம் வேறு மாதிரி பேசுவார்கள்.

நம் நாட்டில் இதை ஆரம்பித்ததும் ஒரு பல்கலைக்கழகம்தான். கல்கத்தாவில் இயற்பியலாளர் மேகநாத சாஹா. அவருடைய மாணவர் பி.டி. நாக் சௌதுரி பெர்க்லிக்குப் போய் லாரன்ஸிடம் படித்துவிட்டு, போர்க்காலத்தில், 1941இல் திரும்பினார். சைக்ளோட்ரானுக்கான காந்தத்தின் பாகங்கள் வந்து சேர்ந்தன. வெற்றிடப் பம்புகளை ஏற்றி வந்த கப்பல் போரில் மூழ்கிவிட்டது. பம்ப் இல்லாவிட்டால் முடுக்கி இல்லை. வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. ஆனாலும் அந்த முயற்சியிலிருந்துதான் 1950 ஜனவரியில் ஐரீன் ஜோலியோ கியூரி திறந்துவைத்த அணுக்கரு இயற்பியல் நிறுவனம் கல்கத்தாவில் எழுந்தது. இன்று அது சாஹா பெயரிலேயே இருக்கிறது. அப்புறம் 1960களில், அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகம் பயன்படுத்திய ஒரு சைக்ளோட்ரான் சண்டிகரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. ராச்செஸ்டர் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடியும் வரும்.

நான் முதல்முறை டெல்லிக்குக் கிளம்பியபோது அப்பா கேட்டார், "அந்த மெஷினைத் தஞ்சாவூர்லயே ஒண்ணு வச்சா என்னம்மா? இதுக்குன்னு டெல்லி வரைக்கும் போகணுமா?" நியாயமான கேள்வி. கல்கத்தா பட்ட பாடுதான் அதற்குப் பதில். ஒரு முடுக்கியைப் பல்கலைக்கழகம் தனியாக வாங்கலாம், ஆனால் ஓட்டிக்கொண்டே இருப்பதுதான் கஷ்டம். பம்ப், காந்தம், மின்சாரம், குளிர்நீர், இரவும் பகலும் ஷிப்ட் பார்க்கும் ஆட்கள் என்று எல்லாம் வேண்டும். அணுசக்தித் துறையின் பெரிய மையங்களிடம் அவை இருந்தன, பல்கலைக்கழகங்களிடம் இல்லை. அதனால் 1984இல் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு முடிவுக்கு வந்தது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒன்று என்று கொடுக்க முடியாது, எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் சேர்த்துப் பெரிதாக ஒன்று வைப்போம் என்பதுதான் அது. அப்படி வந்த முதல் பொது மையம் டெல்லியின் அணு அறிவியல் மையம். 1991இல் முடுக்கி ஓட ஆரம்பித்தது. 2005க்கு மேல் அதன் பெயர் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம். நான் போன காலத்தில் பழைய ஆட்கள் எல்லாரும் இன்னும் பழைய ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக 'என்எஸ்சி' என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அங்கே உள்ள பெரிய முடுக்கியை '15 யுடி பெல்லட்ரான்' என்பார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ரே ஹெர்ப் 1965இல் தொடங்கிய நிறுவனம் செய்தது. இதுவும் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தின் வழி வந்த கருவிதான். உயர் மின்னழுத்தம் உண்டாக்க அதற்கு முன் இருந்த வான் டி கிராஃப் கருவிகளில் மின்னேற்றத்தை மேலே கொண்டுபோக நீளமான பட்டை ஓடும். பட்டை தேயும், தூசு கிளம்பும், மின்னேற்றம் சீராகப் போகாது. ஹெர்ப் அந்த இடத்தில் ஒரு சங்கிலியை வைத்தார். உலோக உருளைகள், அவற்றை இணைக்க நைலான் துண்டுகள். ஒவ்வொரு உருளையும் தன் பங்கு மின்னேற்றத்தைச் சுமந்துகொண்டு மேலே போகும். பெல்லட்ரான் என்ற பெயரே அந்த உருளைகளால் வந்தது.

கட்டடத்துக்குள் போனால் முதலில் தெரிவது அந்தத் தொட்டிதான். சுமார் 26 மீட்டர் உயரம், ஐந்தரை மீட்டர் அகலம், நெட்டுக்குத்தாக நிற்கும் எஃகு உருளை. உள்ளே காற்றுக்குப் பதிலாகச் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு என்ற வாயுவை அழுத்தி நிரப்பியிருப்பார்கள். அந்தச் சங்கிலி மின்னேற்றத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடமான நடு முனையம் ஒன்றரைக் கோடி வோல்ட் வரைக்கும் போக வேண்டும், சாதாரணக் காற்றாக இருந்தால் அதற்கு வெகு முன்பே மின்னல் மாதிரிப் பொறி பறந்துவிடும்.

அயனி மேலே உச்சியிலிருந்து புறப்படுகிறது, எதிர்மின் அயனியாக. நடுவில் உள்ள நேர்மின் முனையம் அதை இழுக்கிறது. முனையத்துக்குள் மிக மெல்லிய கார்பன் தகடு ஒன்று இருக்கிறது. அதைத் துளைத்துக்கொண்டு போகும்போது அயனி பல எலக்ட்ரான்களை இழந்து நேர்மின் அயனியாகிவிடுகிறது. இப்போது அதே முனையம் அதைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. ஒரே மின்னழுத்தம் இரண்டு தடவை வேலை செய்கிறது. கணக்கு எளிது. முனையம் 125 லட்சம் வோல்ட்டில் இருக்கிறது, ஆக்சிஜன் அயனி ஏழு எலக்ட்ரான்களை இழந்த நிலையில் கீழே வருகிறது என்று வையுங்கள். போகும்போது ஒரு பங்கு, வரும்போது ஏழு பங்கு, ஆக எட்டு. எட்டை 125 லட்சத்தால் பெருக்கினால் 10 கோடி எலக்ட்ரான் வோல்ட். முடுக்கியில் நேரம் கேட்டு அனுப்பும் புரபோசலில் "100 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆக்சிஜன்" என்று எழுதும் மாணவர்கள் இந்த ஒரு வரிக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதினால், கேட்பது அந்த முடுக்கியால் தர முடிகிற ஆற்றல்தானா என்று தாங்களே தெரிந்துகொள்ளலாம்.

கீழே வந்த அயனிக் கற்றையை ஒரு காந்தம் தரைமட்டத்துக்குத் திருப்பும். இன்னொரு காந்தம் அதைப் பல குழாய்களில் ஏதாவது ஒன்றுக்குள் அனுப்பும். ஒரு குழாயின் முடிவில் அணுக்கரு இயற்பியல்காரர்கள், இன்னொன்றில், அயனி பட்டால் ஒரு பொருள் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் எங்களைப் போன்ற பொருள் அறிவியல்காரர்கள். ஒரு நேரத்தில் ஒரு குழாய்க்குத்தான் கற்றை. இதை அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப நம்ம முறைத்தண்ணிதான். இந்த மடையைத் திறந்தா அந்த மடைக்கு இல்ல" என்றார். அதைவிடச் சரியாக எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. உங்கள் முறை வரும்போது வயல் தயாராக இருக்க வேண்டும்.

அந்தத் தயாரிப்பைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது முழுக்க நம் ஊரில் நடக்கிற வேலை.

நான் எடுத்துக்கொண்டது துத்தநாக ஆக்சைடு மென்படலம். துத்தநாக அசிடேட் கரைசலை, 400 டிகிரி சூட்டில் இருக்கும் கண்ணாடித் துண்டின் மேல் காற்றழுத்தத்தால் தெளித்துப் படிய வைக்கும் முறை. செலவு குறைவு, அதனால் டெல்டா பக்கக் கல்லூரிகளில் பலரும் செய்கிறார்கள். எங்கள் கல்லூரி இருந்தது வயல்வெளிக்கு நடுவில். சுற்றிலும் பம்ப்செட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும், ஹீட்டர் 400இல் நிற்காது. எங்கள் கைடு சார் விடியற்காலையில் வரச் சொல்வார். நான்கரை, ஐந்து மணிக்கு ஆய்வகத்தைத் திறந்து, வெளிச்சம் வருவதற்குள் ஒரு தொகுதியை முடித்துவிடுவோம். ஒரே தொகுதியில் செய்தவைதான் டெல்லிக்குப் போகும். இது முக்கியம். இன்று செய்த படலத்தையும் போன வாரம் செய்த படலத்தையும் கலந்து கொண்டுபோனால், கடைசியில் தெரியும் மாற்றம் அயனியால் வந்ததா, தயாரிப்பால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் வெட்ட வேண்டும். ஒளிபுகும் படலமாக இருந்தால் எந்தப் பக்கம் படலம், எந்தப் பக்கம் வெறும் கண்ணாடி என்று கண்ணால் தெரியாது. அதனால் வெட்டும்போதே, படலம் மேலே இருக்கும்படி வைத்து, வலது மேல் மூலையை லேசாகச் சாய்த்து வெட்டிவிடுங்கள். பின்பக்கம் வைரமுனையால் எண்ணைக் கீறுங்கள். மார்க்கர் பேனா வேண்டாம், வெற்றிடத்தில் அந்த மை வாயுவாக வெளிவந்து, சாம்பிள் வைக்கும் கலத்தைக் கெடுக்கும். விரல் ரேகையின் எண்ணெயும் அப்படித்தான், கையுறை இல்லாமல் தொடவே கூடாது. கதிர் படாத சாம்பிள் இரண்டு, படலமே இல்லாத வெறும் கண்ணாடித் துண்டு இரண்டு அதே டப்பாவில் டெல்லி வரை போய்த் திரும்பி வர வேண்டும். பயணத்தின் குலுக்கலும் டெல்லியின் குளிரும் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கட்டும்.

அப்புறம், அயனி எவ்வளவு ஆழம் போகும் என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். 'ஸ்ரிம்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, ஜேம்ஸ் சீக்லர் உருவாக்கியது, சாதாரணக் கம்ப்யூட்டரிலேயே ஓடும். 100 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வெள்ளி அயனி பல மைக்ரான் ஆழம் போகும். நம் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானில் பாதிகூட இருக்காது. அதாவது அயனி படலத்தில் தங்குவதில்லை. ஊடுருவிப் போகும் வழியில் தன் ஆற்றலில் கொஞ்சத்தை விட்டுவிட்டு, கண்ணாடிக்குள் போய்ப் புதைகிறது. "வெள்ளி கலந்த துத்தநாக ஆக்சைடு செய்யப்போகிறேன்" என்று புரபோசலில் எழுதினால் முதல் கேள்வியிலேயே நின்றுவிடும்.

புரபோசல் கல்லூரி ஆசிரியரின் பெயரில் போக வேண்டும். மாணவர் கூட இருப்பவர். பயனர் குழு வருஷத்தில் இரண்டு முறை கூடும். ஆசிரியர் அங்கே போய்ச் சில நிமிடங்கள் பேசி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகங்களிலிருந்து வருபவர்கள் கற்றைக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. இதை நான் எங்கே போனாலும் சொல்கிறேன், ஏனென்றால் பணம் கேட்பார்கள் என்று நினைத்தே விண்ணப்பிக்காமல் இருக்கும் ஆசிரியர்கள் நம் பக்கம் நிறைய.

நான் போன காலத்தில் மயிலாடுதுறை, விழுப்புரம் பாதையை அகலப்பாதை ஆக்கும் வேலைக்காக மூடியிருந்தார்கள். திருச்சி சுற்றிச் சென்னை, அங்கிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். சாம்பிள் டப்பா கைப்பையில், மடியிலேயே. திரும்பும் டிக்கெட்டை பீம் டைம், அதாவது உங்களுக்குக் கற்றை ஒதுக்கிய நேரம், முடியும் அன்றைக்கே போடாதீர்கள். முடுக்கி எப்போதும் நாள்காட்டிப்படி ஓடாது. தொட்டிக்குள் பொறி பறந்தால் மின்னழுத்தத்தை இறக்கி மறுபடி மெல்ல மெல்ல ஏற்ற வேண்டியிருக்கும், அதில் உங்களுக்கு முன்னால் இருப்பவரின் நேரம் போகும், உங்கள் முறையும் தள்ளும். இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். டிசம்பர், ஜனவரியாக இருந்தால் கம்பளியை இங்கிருந்தே எடுத்துப்போங்கள். நம் ஊர் மார்கழிக் குளிருக்குப் போடுகிற ஸ்வெட்டர் அங்கே போதாது.

முதல் இரவு ஷிப்ட் மறக்காது. சாம்பிள்களை ஒரு நீள உலோகக் கட்டையின் நான்கு பக்கமும் கார்பன் டேப்பால் ஒட்டுவோம், ஏணி என்பார்கள். கண்ணாடி மின்கடத்தாது, அயனி விழ விழ மின்னேற்றம் தேங்கும். அதனால் படலத்தின் ஓரத்திலிருந்து உலோகம் வரைக்கும் வெள்ளிப் பசையால் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். ஏணியைக் கலத்துக்குள் இறக்கி, காற்றை இழுத்து, அழுத்தம் வெளிக்காற்றில் நூறு கோடியில் ஒரு பங்குக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் அறையில் யாரும் இல்லை என்று சுற்றிப் பார்த்து, கதவைப் பூட்டி, கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னால்தான் கற்றையைத் திறப்பார்கள். கதவு திறந்திருந்தால் கற்றை வரவே வராது, அப்படி இணைத்திருக்கிறார்கள்.

ஏணியின் ஒரு இடத்தில் சின்னக் குவார்ட்ஸ் துண்டு ஒட்டியிருக்கும். கற்றை அதன்மேல் பட்டதும் கேமராத் திரையில் நீலமாக ஒரு பொட்டு எரிந்தது. கை எட்டும் தூரத்தில் இல்லை, தடித்த சுவருக்கு அந்தப் பக்கம். ஆனாலும் அந்தப் பொட்டு எங்கள் புரபோசலால் வந்த பொட்டு. காந்தப்புலத்தை மாற்றி மாற்றி அதை அகலப்படுத்தி, ஒரு சென்டிமீட்டர் சதுரம் முழுக்கச் சீராகப் பரவும்வரை பார்த்துவிட்டு, முதல் சாம்பிளை எதிரே கொண்டுவந்தோம்.

நேரக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பழகுங்கள். ஒரு துகள் நானோஆம்பியர் என்றால் வினாடிக்கு 625 கோடி அயனிகள். ஒரு சதுர சென்டிமீட்டரில் லட்சம் கோடி அயனிகள் விழ 160 வினாடி போதும். பத்து லட்சம் கோடிக்கு 1,600 வினாடி, கிட்டத்தட்ட 27 நிமிடம். மீட்டர் காட்டுவது மின்னோட்டத்தை, துகள் எண்ணிக்கையை அல்ல. அயனியின் மின்னேற்றம் ஏழு என்றால் மீட்டரில் 7 நானோஆம்பியர் வந்தால்தான் ஒரு துகள் நானோஆம்பியர். இரவு மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இந்த ஏழால் வகுக்க மறந்தால் அந்த சாம்பிளே வீண். அதனால் மின்னோட்டத்துக்கு எதிரே நேரம் போட்ட அட்டவணை ஒன்றைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், இரண்டு பேர் தனித்தனியே பார்த்துச் சொல்லிக்கொள்ளுங்கள். முக்கியமான சாம்பிள் முதலில். கடைசிக்கு வைத்தது நடக்காமலே போகலாம்.

காத்திருந்த நேரத்தில்தான் நான் வரலாற்றைக் கற்றுக்கொண்டேன். அங்கே நீண்ட நாள் வேலை பார்த்த தமிழர் ஒருவர், "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். "பாபநாசம் பக்கம் சார்" என்றதும், "வாங்க, காட்றேன்" என்று கூட்டிப்போய்த் தொட்டியைத் திறக்கும் வேலை எப்படி நடக்கும் என்று சொன்னார். முதலில் வாயு முழுவதையும் உறிஞ்சிச் சேமிப்புக் கலன்களுக்கு மாற்ற வேண்டும். அது விலை அதிகம், வெளியே விட்டால் புவி சூடாவதற்குக் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல ஆயிரம் மடங்கு கெடுதல். காற்றைவிட ஐந்து மடங்கு கனம், அடியில் தேங்கி நிற்கும். விஷமில்லை, ஆனால் ஆக்சிஜன் இருக்காது, மணமும் இல்லை. உள்ளே போகிறவருக்குத் தெரியாமலே மூச்சு முட்டும். அதனால் புதுக் காற்றை நிரப்பி, ஆக்சிஜன் அளவைப் பல உயரங்களில் அளந்த பிறகுதான் ஆள் இறங்கலாம். உள்ளே மேலும் கீழும் போகும் மேடையில் நின்றுகொண்டு சங்கிலி, மின்தடைகள், கார்பன் தகடுகள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, தூசு துடைத்து, மாற்ற வேண்டியதை மாற்றுவார்கள். ஒரு இழை தூசு உள்ளே நின்றாலும் அந்த இடத்தில் பொறி பறக்கும். இந்தக் கைவேலைதான் முடுக்கியை வருஷக்கணக்கில் ஓட வைக்கிறது. கட்டுரைகளின் கடைசியில் நன்றி என்று ஒரு வரியில் வந்துபோகும் இவர்களிடம் பேசாமல் திரும்பாதீர்கள். பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். எந்த அயனிக்கு எந்த மின்னழுத்தம் சரியாக வந்தது என்பது அதில்தான் இருக்கிறது.

ஒரு விஷயம் அவரிடம் கேட்டுத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. இந்த முடுக்கியில் ஆர்கான் கற்றை ஏன் கிடையாது? உச்சியிலிருந்து புறப்படும்போது எதிர்மின் அயனியாக இருந்தால்தான் நடு முனையம் இழுக்கும். ஆர்கான், நியான் போன்ற மந்த வாயுக்கள் கூடுதல் எலக்ட்ரானை வைத்துக்கொள்ளாது. அதனால் அவற்றுக்கு இந்த வழி மூடியிருக்கிறது, அயனியை வேறு வகையில் உண்டாக்கும் குறைந்த ஆற்றல் கருவிக்குத்தான் கேட்க வேண்டும். நைட்ரஜன் அணுவும் அப்படித்தான், நிலையான எதிர்மின் அயனி ஆகாது.

நைட்ரஜனின் இந்தக் குணம்தான் நம் டெல்டாவுக்கு ஒரு பெரிய கதவைத் திறந்தது. கரித்துண்டின் வயதை, மெல்லச் சிதையும் கரிம வகையான கரிமம்-14 கொண்டு கணக்கிடலாம் என்பது தெரியும், அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். முன்பெல்லாம் அது சிதையும்வரை காத்திருந்து எண்ண வேண்டும், அதற்குக் கிராம் கணக்கில் கரிமம் தேவைப்படும். நேரடியாக அணுக்களையே எண்ணலாமே என்றால், நைட்ரஜன்-14 கிட்டத்தட்ட அதே எடை, எங்கும் நிறைந்திருப்பது, இரண்டையும் பிரிக்க முடியாது. 1977இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஹாரி கோவ், லிதர்லாண்ட், பர்ஸர் ஆகியோர் தங்கள் டாண்டம் முடுக்கியில், அதாவது டெல்லியில் உள்ளது போல ஒரே மின்னழுத்தத்தால் இரண்டு தடவை முடுக்கும் கருவியில், இதைச் செய்துகாட்டினார்கள். அதே வருஷம் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக முடுக்கியிலும் நடந்தது. எதிர்மின் அயனியாகப் புறப்பட வைத்தால் நைட்ரஜன் வாசலிலேயே நின்றுவிடுகிறது. கரிமத்தோடு ஒட்டிவரும் மூலக்கூறுகளை நடுவில் உள்ள தகடு உடைத்துவிடுகிறது. மிஞ்சுவது கரிமம்-14. ஒரு மில்லிகிராம் கரிமம் போதும்.

டெல்லி மையத்தில் இதற்கென்றே ஐந்து லட்சம் வோல்ட் கருவி ஒன்று 2015இல் வந்தது. அதற்குப் பிறகு என்னிடம் கேள்வி கேட்பவர்கள் மாறிவிட்டார்கள். புவியியல் ஆசிரியர்கள், ஊர் வரலாறு எழுதுபவர்கள், போர் போடும்போது ஆழத்திலிருந்து கருத்த மரத்துண்டு வந்தது என்று சொல்லும் விவசாயிகள். பூம்புகார் அருகே கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கல் படகுத்துறையின் மரக்கம்பம் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்று நாம் சொல்வதே கரிமம்-14 கணக்கால்தான். காவிரி எத்தனை தடவை தடம் மாறியது, கடல் எதுவரை உள்ளே வந்தது என்பதெல்லாம் நம் காலடியில் களிமண்ணுக்குள் இருக்கிறது.

அப்படி ஏதாவது கிடைத்தால் வெறும் கையால் எடுக்காதீர்கள். பஞ்சு, காகிதம், துணி எதிலும் சுற்றாதீர்கள், அவையெல்லாம் இன்றைய கரிமம். அலுமினியத் தாளில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் டப்பா. பசை, மருந்து எதுவும் தடவ வேண்டாம். ஈரமாக இருந்தால் குறைந்த சூட்டில் காயவைத்து வையுங்கள், பூஞ்சை பிடித்தால் அதுவும் புதுக் கரிமம்தான். நெல், மரம் இவற்றின் நுண்வேர் ஒன்று உள்ளே ஓடியிருந்தாலும் வயது இளமையாகக் காட்டும், லென்ஸ் வைத்துப் பார்த்து நீக்க வேண்டும். போர் மண்ணில் மேலடுக்கும் கீழடுக்கும் கலந்திருக்கும் என்பதால் குழாய்வழி எடுத்த முழு மண் தூணுக்குத்தான் மதிப்பு அதிகம். கரியும் சிப்பியும் சேர்ந்து கிடைத்தால் கரியைக் கொடுங்கள். கடல்சிப்பி கடல்நீரின் பழைய கரிமத்தை எடுத்துக்கொள்வதால் நிஜ வயதைவிடச் சில நூறு ஆண்டுகள் அதிகமாகக் காட்டும், அதற்குத் தனித் திருத்தம் வேண்டும். அறிக்கையில் வரும் ஆண்டுக் கணக்கு 1950ஐ இன்று என்று வைத்துப் பின்னோக்கி எண்ணுவது. அதை அப்படியே எடுத்து ஊர் மலரில் போடக் கூடாது. வளிமண்டலத்தில் கரிமம்-14 அளவு காலத்துக்குக் காலம் மாறியிருப்பதால், மரவளையங்களை வைத்துச் செய்த அட்டவணையோடு ஒப்பிட்டுத் திருத்திய ஆண்டையே சொல்ல வேண்டும், கூடவே அதன் பிழை எல்லையையும்.

இப்போது எங்கள் துறையில் ஒரு மாணவி, திருத்துறைப்பூண்டி பக்கம் எடுத்த மண் தூண் ஒன்றின் கரித்துணுக்குகளுக்காக விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஆழம் என்ற கட்டத்தில், வயல் மட்டத்திலிருந்து எழுதட்டுமா, வரப்பு மட்டத்திலிருந்து எழுதட்டுமா என்று கேட்டாள். வயலைச் சமப்படுத்த மண்ணை அள்ளிப்போட்டிருப்பார்கள், இரண்டும் நாளைக்கு மாறிவிடும். கடல்மட்டத்திலிருந்து அளந்து எழுது என்று சொல்லி, அளக்கும் கருவிக்காகப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிக்குக் கடிதம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.